ஆசைக்கு மரண தண்டனை: 1970களின் ஸ்பானிய எரோடிக் த்ரில்லர்கள்

ஸ்பானிய சினிமாவில் எரோடிக் த்ரில்லர் என்ற வகை 1969 வாக்கில் தலையெடுத்து, 1970களின் முதற்பாதியில் உச்சம் தொட்டு, 1978க்குப் பிறகு மெல்லக் கரைந்துபோனது. ஜெனரல் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் தள்ளாடி விழுந்த காலமும் அதுவே. திருச்சபையும் அரசும் கைகோத்து ஒழுக்கத்தைக் காவல் காத்த நாடு அது. முத்தக் காட்சிக்கே கத்தரி விழும். அங்கே காமமும் கொலையும் கலந்த படங்கள் வரிசையாக வந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஆசையைத் திரையில் காட்ட நினைத்த இயக்குநருக்கு அன்று திறந்திருந்த வாசல்களில் அகலமானது கொலைக்கதைதான். ஆசைப்பட்டவர் கடைசி ரீலுக்குள் செத்துவிட்டாலோ சிறைக்குப் போய்விட்டாலோ, தணிக்கையாளர் ஓரளவு விட்டுக்கொடுப்பார். இந்தச் சலுகையை வைத்தே சில இயக்குநர்கள், ஆட்சி பல ஆண்டுகளாக வளர்த்த புனித பிம்பங்களை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். மலிவுச் சரக்கு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இந்தப் படங்களின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

கத்தரியின் விதிகள்

1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் நடுவிலேயே ஃபிராங்கோ தரப்பு திரைப்படத் தணிக்கையை அமைத்துவிட்டது. போர் முடிந்ததும் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தணிக்கை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் திரைக்கதையைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எடுத்து முடித்த படத்தை மறுபடி காட்டி இன்னொரு அனுமதி வாங்க வேண்டும். வாரியத்தில் பாதிரியார்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிய மொழியில் டப் செய்துதான் வெளியிட வேண்டும் என்று 1941இல் உத்தரவு வந்தது. டப்பிங் கூடமே இன்னொரு தணிக்கை அறையாக மாறியது. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஹாலிவுட் படமான ‘மொகாம்போ’. அதில் திருமணமான பெண் வேறொருவனைக் காதலிக்கிறாள். கள்ளக்காதல் திரையில் வரக்கூடாது என்பதற்காக ஸ்பானிய வசனத்தில் அவளையும் அவள் கணவனையும் அக்கா தம்பி போல உடன்பிறந்தவர்களாக்கிவிட்டார்கள். ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போய் அதைவிட விபரீதமான உறவு ஒன்று திரையில் உருவானது.

1962இல் மனுவேல் ஃப்ராகா தகவல் மற்றும் சுற்றுலாத் துறை அமைச்சரானார். அவருக்குக் கீழே திரைத்துறைத் தலைமை இயக்குநராக வந்த ஹோசே மரியா கார்சியா எஸ்குதேரோ, 1963இல் தணிக்கை விதிகளை முதன்முறையாக அச்சில் வெளியிட்டார். அதுவரை எது கூடும், எது கூடாது என்பதைத் தணிக்கையாளரின் அன்றைய மனநிலையே தீர்மானித்தது. புதிய விதிகளிலும் தடைகளுக்குக் குறைவில்லை. தற்கொலை, கள்ளக்காதல், விபசாரம் போன்றவற்றை நியாயப்படுத்தக் கூடாது. பாலியல் ‘பிறழ்வு’ எதுவும் கதையின் மையமாகக் கூடாது. ஆனால் தீமையைக் காட்டவே கூடாது என்று விதி சொல்லவில்லை. அது நியாயமாகவோ கவர்ச்சியாகவோ தோன்றாதவரை காட்டலாம் என்றது. தீமை தண்டிக்கப்படும் கதை எதுவென்று தேடிப் போனால் கொலைக்கதையில்தான் வந்து நிற்க வேண்டும். ஸ்பானிய த்ரில்லரின் கதவைத் தணிக்கை விதியே இப்படித் திறந்துவிட்டது.

பணமும் கூட்டுத் தயாரிப்பும்

இரண்டாவது காரணம் பணம். 1960களின் நடுவில் கார்சியா எஸ்குதேரோ கொண்டுவந்த திட்டப்படி, ஒவ்வொரு ஸ்பானியப் படத்துக்கும் வசூலில் ஒரு பங்கை அரசு மானியமாகக் கொடுத்தது. 1960களின் முடிவில் அந்த மானிய நிதியே கடனில் மூழ்கியது. தயாரிப்பாளர்களுக்குச் சேர வேண்டிய தொகை தேங்கிப்போனது. உள்ளூர் வசூலை மட்டும் நம்பிப் படம் எடுக்க முடியாத நிலையில், இத்தாலி, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி நிறுவனங்களோடு கூட்டுச் சேருவதே பிழைக்கும் வழியானது.

அப்போது இத்தாலியில் ‘ஜால்லோ’ என்ற கொலை மர்மப் படங்கள் பிய்த்துக்கொண்டு ஓடின. கறுப்புக் கையுறை போட்ட கொலையாளி, பளபளக்கும் கத்தி, பணக்கார வீடுகள், அரைகுறை ஆடையில் அழகிகள் என்பது அதன் கலவை. லூசியோ ஃபுல்சியின் ‘ஒன்றன்மேல் ஒன்று’ (1969), ‘பெண் தோல் போர்த்திய பல்லி’ (1971) இரண்டிலும் ஸ்பானியப் பணம் இருந்தது. மாரியோ பாவா 1970இல் எடுத்த ‘தேனிலவுக்கு ஒரு கோடரி’ இத்தாலிய–ஸ்பானியக் கூட்டுத் தயாரிப்பு. மணப்பெண்களைக் கொல்லும் திருமண ஆடை நிறுவன முதலாளியின் கதை அது. அதன் திரைக்கதையை எழுதிய சந்தியாகோ மொன்காதா ஸ்பானியர். இந்த வகையின் முக்கியமான உள்நாட்டுப் படங்கள் சிலவற்றிலும் பின்னர் இவர் பெயரே வந்தது.

உள்நாட்டிலேயே பெரும் பணம் பார்க்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது நார்சிசோ இபான்யெஸ் செர்ரதோரின் ‘லா ரெசிதென்சியா’. உருகுவாயில் பிறந்து ஸ்பானியத் தொலைக்காட்சியில் திகில் கதைகளால் பேரெடுத்தவர் அவர். கண்டிப்பான தலைமையாசிரியை நடத்தும் விடுதிப் பள்ளியில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள் என்பது கதை. தலைமையாசிரியையாக ஜெர்மன் நட்சத்திரம் லில்லி பால்மரைப் போட்டு, ஆங்கிலத்திலேயே படம்பிடித்தார்கள். 1970இல் திரைக்கு வந்து வசூலில் பெருவெற்றி கண்டது. வெளிநாட்டு நட்சத்திரம், கச்சிதமான ஒளிப்பதிவு, அடக்கப்பட்ட ஆசையின் புழுக்கம் என்ற சேர்மானத்தை அதன் பிறகு பலரும் எடுத்துக்கொண்டார்கள். பார்சிலோனாவில் ப்ரொஃபில்மெஸ் என்ற நிறுவனம் இதையே முழுநேரத் தொழிலாக்கியது.

ஏற்றுமதியை நம்பிய தொழில் என்பதால் இரட்டைப் பிரதி வழக்கம் பரவியது. ஒரே காட்சியை இரண்டு முறை எடுப்பார்கள். நடிகை இரவு உடையோடு நிற்பது உள்ளூர்ப் பிரதிக்கு, உடையின்றி நிற்பது வெளியூர்ப் பிரதிக்கு. மாட்ரிட்டில் டிக்கெட் வாங்கியவர் பார்த்த படமும் பாரிஸிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ ஓடிய படமும் ஒன்றல்ல. தங்கள் நாட்டில், தங்கள் நடிகர்களை வைத்து எடுத்த படங்களின் முழு வடிவத்தை ஸ்பானிய மக்கள் பல ஆண்டுகள் கழித்தே பார்க்க முடிந்தது.

குற்றம் வெளிநாட்டில் நடக்கட்டும்

இந்தப் படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கு ஒன்று உடனே கண்ணில் படும். பெரும்பாலான கதைகள் ஸ்பெயினில் நடப்பதில்லை. ‘லா ரெசிதென்சியா’ பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் நடக்கிறது. கார்லோஸ் அவுரேத் இயக்கிய ‘உடைந்த பொம்மையின் நீலக் கண்கள்’ (1974) படத்தில் சிறையிலிருந்து வந்தவன் மூன்று சகோதரிகள் வாழும் வீட்டில் வேலைக்குச் சேர, நீலக் கண்கொண்ட பெண்கள் ஊரில் கொல்லப்படுகிறார்கள். அதுவும் பிரான்ஸில்தான். லெயோன் கிலிமோவ்ஸ்கியின் ‘ஒவ்வொரு பிணத்துக்கும் ஒரு தும்பி’ மிலானில் நடக்கிறது.

காரணம் தணிக்கைதான். ஒழுக்கமான கத்தோலிக்க ஸ்பெயினில் தொடர்கொலைகாரனும் காமவெறியனும் எப்படி இருக்க முடியும் என்பது அதிகாரத்தின் கேள்வி. மேலே கடைசியாகச் சொன்ன இரண்டு படங்களின் நாயகனும் எழுத்தாளருமான பால் நாஷியின் இயற்பெயர் ஹசிந்தோ மொலினா. முன்னாள் பளுதூக்கும் வீரர். 1968இல் அவர் எழுதிய ஓநாய் மனிதன் கதையில் நாயகனை முதலில் ஸ்பானியனாகவே வைத்திருந்தார். தணிக்கை அதை ஏற்கவில்லை. ஓநாய் மனிதன் வால்தெமார் தனின்ஸ்கி என்ற போலந்துக்காரனாக மாறினான். அந்த மாற்றம் கடைசிவரை அப்படியே நிலைத்துவிட்டது.

எனவே, கதையைத் துணிந்து ஸ்பெயினுக்குள்ளேயே நடத்திய படங்கள் தனிக் கவனம் பெற வேண்டியவை. இந்த வகையின் மிகச் சிறந்த படங்களும் அவையே.

பழகிய முகங்கள், புதிய பாவங்கள்

ஃபிராங்கோ காலத் திரைத்துறை தனக்கென்று சில முகங்களை வளர்த்திருந்தது. வீரப்பெண், நல்ல அரசன், பாட்டுக்காரி, தேவதைக் குழந்தை என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. 1971 முதல் 1973 வரையிலான மூன்றே ஆண்டுகளில் இந்த நான்கு முகங்களையும் த்ரில்லர் இயக்குநர்கள் கைப்பற்றினார்கள்.

முதலில் வந்தவர் கார்மென் செவில்லா. பாட்டும் நடனமுமாக நாட்டின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். ஹாலிவுட்டின் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ (1961) படத்தில் மகதலேனா மரியாளாக நடித்தவர். எலோய் தெ லா இக்லேசியா இயக்கிய ‘கண்ணாடிக் கூரை’ (1971) அவரை வெயில் தகிக்கும் கிராமத்து வீடொன்றில் தனியே உட்கார வைத்தது. கணவன் அடிக்கடி வெளியூர் போகிறவன். மாடி வீட்டுப் பெண்ணின் கணவனும் ஊரில் இல்லை என்கிறார்கள். இரவில் மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. அவள் தன் கணவனைக் கொன்றுவிட்டாளோ என்ற சந்தேகம் கீழே இருப்பவளைத் தின்னத் தொடங்குகிறது. இதற்கிடையில் யாரோ இந்தப் பெண்களை மறைந்திருந்து படமெடுக்கிறார்கள். காட்சி சட்டென்று உறைந்து நிழற்படமாகும்போதெல்லாம், பார்வையாளரும் அந்த மறைந்திருக்கும் கண்ணோடு சேர்ந்துகொள்கிறார். உடலைக் காட்டாமலே ஆசையின் புழுக்கத்தைக் கூட்டும் வித்தை இந்தப் படத்தில் நன்றாகக் கைகூடியிருக்கிறது.

எலோய் 1944இல் பாஸ்க் பகுதியின் சரௌட்ஸ் ஊரில் பிறந்தவர். கம்யூனிஸ்ட், தன்பாலின ஈர்ப்பாளர். அன்றைய ஸ்பெயினில் இரண்டுமே சிறைக்கு வழி. 1970இல் வந்த சமூக அபாயச் சட்டம் தன்பாலின உறவைத் தண்டனைக்குரியதாக வைத்திருந்தது. விளிம்பில் நிற்பவனின் கண்ணோட்டம் அவர் படங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அதன் உச்சம் ‘கொலைகாரனின் வாரம்’ (1972).

அதன் நாயகன் விசென்தே பார்ராதான் இரண்டாவது முகம். 1958இல் வந்த ‘அல்ஃபோன்ஸோ, எங்கே போகிறாய்?’ படத்தில் மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோவாக நடித்து, பெண்களின் கனவு நாயகனானவர். அதே முகம் இங்கே மார்கோஸ் என்ற இறைச்சித் தொழிற்சாலைக் கூலியாளுக்கு. மாட்ரிட்டின் ஓரத்தில், புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடிவாரத்தில் இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டில் வாழ்கிறான். ஒரு நாள் இரவு டாக்ஸியின் பின்சீட்டில் காதலியை முத்தமிடுகிறான். ஓட்டுநருக்கு அது பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்தி இருவரையும் இறக்கிவிடுகிறார். சண்டை முற்ற, மார்கோஸ் கல்லால் அடித்ததில் ஓட்டுநர் செத்துப்போகிறார். போலீஸுக்குப் போவோம் என்கிற காதலி அடுத்த பிணம். கண்டுபிடித்துவிட்ட தம்பி அதற்கு அடுத்தது. ஒரு கொலையை மறைக்க இன்னொன்று என்று வாரம் நகர்கிறது. படுக்கையறையில் பிணங்கள் சேர்கின்றன. நாற்றத்தை மறைக்க வாசனைத் திரவியம் வாங்கி ஊற்றுகிறான். பிறகு பையில் துண்டு துண்டாக எடுத்துப்போய்த் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே கரைக்கிறான்.

எதிரே உயர்ந்து நிற்கும் மாடியிலிருந்து நெஸ்தோர் என்ற பணக்கார இளைஞன் தொலைநோக்கியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வேடத்தில் நடித்தவர் எவுசேபியோ பொன்செலா. நெஸ்தோர் மார்கோஸைக் காட்டிக்கொடுக்கவில்லை. நட்பு கொள்கிறான். இரவில் நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போகிறான். இருவரும் சேர்ந்து நீந்தும் அந்தக் காட்சி இருண்ட படத்தின் நடுவே ஒரு மூச்சுவிடும் இடம். இருவருக்கும் இடையே ஓடும் ஈர்ப்பை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவருக்குப் புரியாமல் போகாது. தணிக்கை இந்தப் படத்தைக் கண்டபடி வெட்டியது. முத்தம் கண்டு கோபப்பட்டவரிடமிருந்தே கொலைத் தொடர் தொடங்குகிறது என்பதையும், வறுமைக்கும் வளர்ச்சிக்கும் நடுவில் நசுங்கியவன்தான் கொலைகாரன் என்பதையும் அதனால் வெட்ட முடியவில்லை. வெளிநாட்டில் ‘நரமாமிச மனிதன்’ என்று பொருந்தாத பெயர் வைத்து விற்றார்கள். பிரிட்டனில் 1980களில் வீடியோ தடைப்பட்டியலிலும் அது இடம்பெற்றது.

மூன்றாவது முகம் அவுரோரா பவுதிஸ்தா. நெப்போலியன் படைக்கு எதிராகப் பீரங்கி சுட்ட வீராங்கனையாக ‘அகுஸ்தினா தெ அரகோன்’ (1950) படத்தில் நடித்தவர். ஃபிராங்கோ ஆட்சி விரும்பிய தேசபக்தப் படங்களின் நாயகி. எவுஹெனியோ மார்தின் இயக்கிய ‘சாத்தானுக்கு ஒரு மெழுகுவர்த்தி’ (1973) படத்தில் அவர் சிற்றூர் விடுதி நடத்தும் மார்தா. தங்கையாக எஸ்பெரான்சா ரோய். விடுதியில் தங்க வந்த வெளிநாட்டுப் பெண் மேலாடையின்றி வெயில் காய்கிறாள். மார்தா கொதித்துப்போய் அவளை வெளியே விரட்டுகிறாள். தள்ளுமுள்ளில் அந்தப் பெண் கண்ணாடிச் சன்னல்மீது விழுந்து உயிர்விடுகிறாள். மார்தாவுக்கு இது விபத்தாகத் தெரியவில்லை, தெய்வத் தீர்ப்பாகத் தெரிகிறது. அதன் பிறகு ஒழுக்கம் தவறியவர்கள் என்று அவள் கருதும் பெண்களெல்லாம் விடுதியின் நிலவறைக்குப் போய்ச் சேர்கிறார்கள். காணாமல்போனவளின் சகோதரி தேடி வருகிறாள். அந்த வேடத்தில் ஆங்கில நடிகை ஜூடி கீசன்.

அந்தக் காலத்துச் சுற்றுலா நிலவரத்தை நினைத்துக்கொண்டு இப்படத்தைப் பார்க்க வேண்டும். 1960இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 60 லட்சம். 1973இல் அது 3 கோடியைத் தாண்டியது. அரசுக்கு அவர்கள் பணம் வேண்டும், அவர்கள் பிகினி வேண்டாம். உள்ளூர்ப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டதை வெளியூர்ப் பெண் கடற்கரையில் வெளிப்படையாக அனுபவித்தாள். அறைவாடகையை வாங்கிக்கொண்டே தங்க வந்தவளைக் கொல்லும் மார்தாவின் விடுதியில் அந்த இரட்டை நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. தன் ஆசையை அமுக்கி வைத்தவள்தான் பிறர் ஆசையைத் தண்டிக்கிறாள் என்று படம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அதைச் சொல்ல ஆட்சியின் வீராங்கனையையே தேர்ந்தெடுத்ததில் இயக்குநரின் துணிவு தெரிகிறது.

நான்காவது முகம் மரிசோல். மலாகாவில் 1948இல் பிறந்த பெப்பா ஃப்ளோரெஸ், ‘ஒளிக்கீற்று’ (1960) படத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி நாடே கொண்டாடும் செல்வமானார். ஹுவான் அந்தோனியோ பார்தெம் இயக்கிய ‘கிறிஸ் மில்லரின் சீரழிவு’ (1973) அந்த முகத்தை, வளர்ந்த பெண்ணாக, மன நோவில் தவிக்கும் கிறிஸ்ஸாக மாற்றியது. தந்தை விட்டுப்போன வீட்டில் கிறிஸ்ஸும் சிற்றன்னையும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டும் சார்ந்துகொண்டும் வாழ்கிறார்கள். சிற்றன்னையாக ஜீன் சீபெர்க். ஊர்சுற்றி இளைஞன் ஒருவன் உள்ளே வருகிறான். அதே சமயம் சுற்றுவட்டாரத்தில் கொலைகள் நடக்கின்றன. சாப்ளின் வேடத்தில் கொலையாளி தோன்றும் தொடக்கக் காட்சியை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். இதன் திரைக்கதையும் மொன்காதாவுடையதே.

பார்தெம் சாதாரண வணிக இயக்குநர் அல்ல. ‘ஒரு சைக்கிள்காரரின் மரணம்’ (1955) எடுத்து உலகக் கவனம் பெற்றவர், கம்யூனிஸ்ட், 1956இல் கைதானவர். இன்றைய நடிகர் ஹவியேர் பார்தெமின் தாய்மாமன். அவர் த்ரில்லருக்கு வந்ததைச் சிலர் சரிவாகப் பார்த்தார்கள். ஆட்சியின் தேவதைக் குழந்தை மழை இரவில் கத்தியோடு நிற்கும் படத்தைச் சரிவு என்று சொல்வது நியாயமில்லை.

மற்ற பாதைகள்

பார்சிலோனாவில் விசென்தே அராந்தா வேறு பாதையில் போனார். ‘குரூரப் பெண்கள்’ (1969) படத்தில் திருமணமான பதிப்பாளர் ஒருவருக்கு அஞ்சலில் வெட்டுண்ட கை வருகிறது. அவர் கைவிட்ட பெண்ணுக்கான பழிவாங்கல் அங்கிருந்து விரிகிறது. ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ கதையைத் தழுவிய ‘இரத்தம் தோய்ந்த மணப்பெண்’ (1972) இன்னும் கூர்மையானது. கணவனின் அதிகாரத்தைச் சகிக்க முடியாத புதுமணப்பெண், மர்மப் பெண்ணொருத்தியின் பக்கம் சாய்கிறாள். அந்த மர்மப் பெண் அறிமுகமாகும் விதம் விசித்திரம். ஆளில்லாக் கடற்கரையில் கணவன் மணலைத் தோண்ட, முக்குளிப்போர் அணியும் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முகம் மூச்சுவிடுகிறது. கணவன் பெண்களைக் கொல்வதோடு படம் முடிகிறது. அதைச் செய்தித்தாள் குற்றச்செய்தியாக அறிவிக்கிறது. காட்டேரிக் கதை என்ற போர்வையில் ஆணாதிக்கத்தின் மீது இவ்வளவு நேரடியான தாக்குதலை அன்றைய ஸ்பெயினில் வேறு வகைப் படத்தில் செய்திருக்க முடியாது.

கிளவுதியோ கெரின் இயக்கிய ‘நரகத்தின் மணி’ (1973) மொன்காதா எழுதிய இன்னொரு படம். மனநோய் விடுதியிலிருந்து திரும்பும் இளைஞன், தன்னை அங்கே அடைத்த அத்தையையும் அவள் மகள்களையும் பழிவாங்கத் திட்டமிடுகிறான். கலீசியாவின் நோயா ஊர்த் தேவாலயத்தில் படத்துக்காகப் பொய்க் கோபுரம் கட்டியிருந்தார்கள். 1973 பிப்ரவரியில், படப்பிடிப்பின் கடைசி நாளில் கெரின் அந்தக் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தார். பார்தெம் படத்தை முடித்துக்கொடுத்தார். தலைமுறையின் பெரும் திறமைசாலிகளில் ஒருவரை ஸ்பானிய சினிமா அன்று இழந்தது.

ஹெசுஸ் ஃபிராங்கோ நாட்டை விட்டு வெளியேறியே வேலை செய்தார். சர்வாதிகாரியோடு அவருக்குப் பெயர் ஒற்றுமை தவிர உறவு இல்லை. மேற்கு ஜெர்மனித் தயாரிப்பாளர்களுக்காக ‘வாம்பிரோஸ் லெஸ்போஸ்’, ‘பரவசத்தில் கொன்றாள்’ ஆகியவற்றை எடுத்தார். இரண்டும் 1971இல் வெளிவந்தன. இரண்டிலும் நாயகி செவில்லைச் சேர்ந்த சொலெதாத் மிராந்தா. ஊரில் பிரச்சினை வரக்கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டு நடித்தார். 1970 ஆகஸ்டில் போர்ச்சுகலில் நடந்த கார் விபத்தில் இறந்துபோனதால், தனக்குக் கிடைத்த புகழை அவர் பார்க்கவில்லை. ‘வாம்பிரோஸ் லெஸ்போஸ்’ இசையின் ஒரு துண்டை 1997இல் குவென்டின் டாரன்டினோ ‘ஜாக்கி பிரவுன்’ படத்தில் பயன்படுத்தினார்.

எல்லை தாண்டிய டிக்கெட்டுகள்

1973 வாக்கில் ஸ்பானியர்கள் படம் பார்ப்பதற்காகவே பிரெஞ்சு எல்லை நகரங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பெர்ப்பிஞ்யான் நகரத் திரையரங்குகளில் ‘பாரிஸில் கடைசி டாங்கோ’ பார்க்கக் கூட்டம் அலைமோதியது. விசென்தே எஸ்க்ரிவா அதே ஆண்டு இதைக் கிண்டல் செய்து படமெடுத்தார். எல்லைக்கு அப்பால் சுலபமாகக் கிடைப்பதை இப்பால் தடுப்பதில் பொருளில்லை என்பது அரசுக்கும் மெல்லப் புரிந்தது. 1975 தொடக்கத்தில் வந்த புதிய விதிகள், கதைக்கு அவசியமென்றால் நிர்வாணத்தை அனுமதிக்கலாம் என்றன. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி ஃபிராங்கோ இறந்தார்.

ஹோர்ஹே கிரவின் ‘லா திராஸ்தியெந்தா’ படத்தில் மரியா ஹோசே கந்தூதோ நிலைக்கண்ணாடி முன் சில நொடிகள் முழு நிர்வாணமாக நிற்கிறார். ஸ்பானியத் திரையில் முதல் முழு நிர்வாணம் என்று இது வரலாற்றில் இடம்பிடித்தது. 1976 பிப்ரவரியில் திரைக்கதைத் தணிக்கை ஒழிந்தது. 1977 நவம்பர் 11ஆம் தேதியிட்ட அரச ஆணை திரைப்படத் தணிக்கையை முற்றாக ஒழித்தது. பார்வையாளர் மனத்தைப் புண்படுத்தக்கூடிய படங்களுக்கு ‘எஸ்’ முத்திரை என்ற புதிய ஏற்பாடு வந்தது.

சுதந்திரம் வந்த பின்

ஆசையைக் கொலைக்குள் ஒளித்து வைக்கும் தேவை அதோடு போய்விட்டது. ‘எஸ்’ முத்திரை போட்ட மலிவான காமப் படங்கள் நிறைய வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கதையும் வேண்டியிருக்கவில்லை, மர்மமும் வேண்டியிருக்கவில்லை. நல்ல இயக்குநர்கள் மட்டும் த்ரில்லரைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

பிகாஸ் லூனாவின் ‘பில்பாவோ’ (1978) அவற்றில் முதன்மையானது. பார்சிலோனா இரவுகளில் பில்பாவோ என்ற பாலியல் தொழிலாளியைப் பின்தொடரும் லெயோ, அவளை ஒரு பொருளாகவே கருதிச் சேகரிக்க நினைக்கிறான். அவள் சம்பந்தப்பட்டதையெல்லாம் குறித்து வைக்கிறான், பொருட்களைச் சேர்க்கிறான், கடைசியில் அவளையே கடத்துகிறான். கேமரா அவன் பார்வைக்குள்ளேயே அடைந்து கிடப்பதால் பார்வையாளருக்கு மூச்சுத் திணறுகிறது. கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டப்பட்டு லூனாவுக்குப் பெயர் வாங்கித் தந்த படம் இது. அதே ஆண்டு எலோய் தெ லா இக்லேசியா ‘நாடாளுமன்ற உறுப்பினர்’ எடுத்தார். ஹோசே சக்ரிஸ்தான் நடித்த இடதுசாரி அரசியல்வாதியின் தன்பாலின உறவைத் தீவிர வலதுசாரிகள் ஆயுதமாக்கும் கதை. 1972இல் தொலைநோக்கிக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டியிருந்ததை ஆறே ஆண்டுகளில் அவரால் நேருக்கு நேர் பேச முடிந்தது.

மிஞ்சியது என்ன

இந்தப் படங்களின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பல படங்கள் இத்தாலிய வெற்றிகளின் அவசர நகல்கள். பெண்ணுடலைக் கத்தியின் இலக்காக மட்டும் காட்டியவை ஏராளம். தணிக்கைக்கு எதிரான துணிவு என்ற பெயரில் நடிகைகள் சுரண்டப்பட்டதும் உண்மை. இரட்டைப் பிரதி வழக்கத்தின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் அவர்களே.

ஆனாலும் இந்த வகையிலிருந்து ஒரு மரபு பிறந்தது. பெத்ரோ அல்மோதோவாரின் ‘மத்தாதோர்’ (1986), முன்னாள் காளைச் சண்டை வீரன் ஒருவன், மாரியோ பாவா, ஹெசுஸ் ஃபிராங்கோ ஆகியோரின் படங்களிலுள்ள கொலைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு தொடங்குகிறது. தன் மூதாதையர் யார் என்பதை அல்மோதோவார் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார். அதே படத்திலும், அடுத்து வந்த ‘ஆசையின் சட்டம்’ (1987) படத்திலும் நடித்த எவுசேபியோ பொன்செலா, அன்று தொலைநோக்கியோடு மாடியில் நின்ற அதே நெஸ்தோர்தான். 1996இல் சான் செபாஸ்தியான் திரைப்பட விழா எலோய் தெ லா இக்லேசியாவின் படங்களை வரிசையாகத் திரையிட்டு அவரை மதித்தது. அவர் 2006இல் காலமானார்.

முக்கியமான படங்கள் பலவும் இன்று மீட்டெடுக்கப்பட்ட பிரதிகளாகக் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருப்பவர் ‘கொலைகாரனின் வாரம்’ பார்க்கட்டும். இரண்டாவதற்கு நேரம் கிடைத்தால் ‘சாத்தானுக்கு ஒரு மெழுகுவர்த்தி’. மாற்றம் எங்கே போய் முடிந்தது என்று அறிய விரும்பினால் ‘பில்பாவோ’. மூன்றும் வயதுவந்தவர்களுக்கான, வன்முறை மிகுந்த படங்கள். பார்ப்பவர்கள் முடிந்தவரை வெட்டப்படாத பிரதியையே தேடிப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவற்றை எடுத்தவர்கள் தங்கள் நாட்டு மக்களுக்குக் காட்ட விரும்பியும் காட்ட முடியாமல் போன வடிவம் அது.